பூச்சி அரிக்காத பல் ஏன் விழுகிறது?

தமிழாசிரியர்களிடம் ‘ஈறு’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். சொல்லின் ஈறு கெட்டால் என்ன ஆகும் என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம். வாயில் இருக்கும் ஈறு கெட்டால் என்ன ஆகும் என்பதை அந்த அளவுக்கு நாம் சொல்வதில்லை. நலக்கல்வி வேளையில் பூச்சிப்பல், இனிப்பு, பல் துலக்குதல் என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் வரையும் சுவரொட்டிகளைப் பாருங்கள். கையில் மண்வெட்டியோடு ஒரு கறுப்புப் பூச்சி பல்லைக் குடைந்துகொண்டிருக்கும். ஈறோ, இளஞ்சிவப்பு வண்ணம் தீட்டுவதற்கான ஓரப்பட்டையாக மட்டுமே இருக்கும்.

அந்த ஓரப்பட்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன். நான் பல் மருத்துவர் அல்லேன். பேராக் மாநிலத்தில், முன்பு இரப்பர்த் தோட்டத்தின் நடுவே இருந்து பிறகு பட்டணத்தின் ஓரத்திற்கு இடம்பெயர்ந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்துவரும் ஆசிரியை. நலக்கல்விப் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்ததால், பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்களிடம் கேட்டறிந்தவையும் பின்னர் நானே தேடிப் படித்தவையும் இங்கே இடம்பெறுகின்றன.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கத் தனியாகவே ஆள்களைப் பயிற்றுவிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1949-ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பயனை நாம் இன்றுவரை அனுபவித்துவருகிறோம். நாற்காலி, விளக்கு, கருவிப் பெட்டி ஆகியவற்றோடு அவர்கள் வந்து இறங்கும் நாளில் எங்கள் பள்ளிக் கழிவறையில் கூட்டம் அதிகமாகிவிடும். ஒளிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

2018-ஆம் ஆண்டு அவ்வாறு வந்த குழுவில் இருந்த தாதி ஒருவர் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குச் சிவப்பு நிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். மென்று, எச்சிலோடு வாய் முழுவதும் சுழற்றித் துப்பிவிட்டு, நீரால் ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். எல்லாரும் அன்று காலையில் பல் துலக்கிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கையை உயர்த்தச் சொன்னபோது ஒருவர் பாக்கியில்லாமல் உயர்த்தினார்கள். கொப்பளித்து முடித்தபின் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு வியப்பு. பல்லின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் மட்டும், சிவப்பு மையால் கோடு கிழித்ததுபோல் ஒரு வரி. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலும் அதே சிவப்பு. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நானும் அந்த மாத்திரையை வாங்கி மென்று பார்த்தேன். என் வாயில் எங்கெல்லாம் சிவந்தது என்பதை மாணவர்களிடம் காட்டவில்லை.

அந்தச் சிவப்பு வரிதான் நோயின் தொடக்கம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு கட்டும் மெல்லிய படலம் அது. நாவினால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக, வழவழப்பின்றித் தெரியும். நீரால் கொப்பளித்தால் போகாது; தேய்த்தால்தான் போகும். தேய்த்து எடுத்தாலும் சில மணி நேரத்தில் மீண்டும் படியத் தொடங்கும். சில நாள்கள் விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணச் சத்தை ஏற்றுக் கல்லாக இறுகிவிடும். இதையே காரை என்கிறோம். காரை ஆகிவிட்ட பிறகு எந்தப் பல் துலக்கியாலும் அதை அகற்ற முடியாது. அதன் சொரசொரப்பில் புதிய படலம் இன்னும் எளிதாகத் தங்கும்.

படலம் விளிம்பில் தங்கியிருக்கும்வரை உடல் சும்மா இருப்பதில்லை. கிருமிகளை எதிர்க்க அங்கே குருதியைக் கூடுதலாக அனுப்புகிறது. ஈறு சிவந்து, உப்பி, பளபளப்பாகிறது. தொட்டால் குருதி கசிகிறது. இதுதான் ஈறு அழற்சி. இதற்கும் படலத்திற்கும் உள்ள தொடர்பை ஐயமின்றி மெய்ப்பித்தவர் ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், நல்ல ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மறைந்துவிட்டது. எவருக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி அதன் பின்பாதிதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ஈறு நோய் பெரும்பாலும் இந்த அழற்சியோடு நிற்பது. அதாவது, முற்றிலும் மீளக்கூடியது. நம் கையில் பிள்ளைகள் இருக்கும் ஆறு ஆண்டுகளும் அப்படிப்பட்ட ஆண்டுகள்.

சிவப்பு மாத்திரைக்குப் பிறகு அனைவரும் குழாயடியில் வரிசையாக அமர்ந்து பல் துலக்கினார்கள். ஒரு மாணவி துப்பிய நுரை மட்டும் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. முதலில் மாத்திரையின் சாயம் என்றே எண்ணினேன். தாதி அவள் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, குருதி என்றார். கீழ்வரிசை முன்பற்களைச் சுற்றி ஈறு உப்பியிருந்தது. அவள் துலக்கும் முறையையும் கவனித்தோம். கடைவாய்ப் பற்களைக் கருத்தாகத் தேய்த்தாள். முன்புறம் வந்ததும் துலக்கியை விலக்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “இரத்தம் வர்ற இடத்தத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க டீச்சர்” என்றாள்.

அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. முழங்காலில் அடிபட்டுக் குருதி வந்தால் நாம் அந்த இடத்தைத் தேய்ப்பதில்லை. ஆற விடுகிறோம். அதே அறிவை ஈற்றுக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்பே. ஆனால், ஈறு அடிபட்டுக் குருதி வடிக்கவில்லை. அழுக்கு தங்கியதால் வடிக்கிறது. துலக்காமல் விட்டால் அழுக்கு பெருகும், அழற்சி கூடும், குருதியும் கூடும். குருதி கூடியதைக் கண்டு இன்னும் அஞ்சி இன்னும் தள்ளி நிற்போம். இந்தச் சுழலில்தான் பலருடைய பற்கள் போகின்றன. குருதி வரும் இடத்தை மென்மையான துலக்கியால், இதமாக, ஆனால் விடாமல் துலக்க வேண்டும். முதல் சில நாள்கள் வரத்தான் செய்யும். ஒரு வாரம், பத்து நாளில் குறைந்து நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அங்கே காரை இருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னது துலக்கும்போது மட்டும் வரும் குருதிக்கு. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு ஈற்றில் குருதி கசிந்தால் அது டிங்கிக் காய்ச்சலின் அபாய அறிகுறிகளுள் ஒன்று. பல் துலக்கியைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காரணமின்றித் தானாகவே குருதி வடிவதும், உடலில் ஆங்காங்கே கன்றிப்போன தழும்புகள் தோன்றுவதும் குருதி தொடர்பான நோய்களைச் சுட்டலாம். அவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

அந்த மாணவியின் தாயார் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் என்னைக் காண வந்தார். கணிதப் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்தபின் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் உடனே வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பேசும்போதெல்லாம் அவர் அப்படிச் செய்வதை முன்பே கவனித்திருக்கிறேன்; கூச்சம் என்று நினைத்திருந்தேன். முப்பத்தாறு வயது. தொழிற்சாலையில் இரவு வேலை. மேல்வரிசை முன்பற்கள் இரண்டிற்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்திருந்தது. “கல்யாணப் படத்துல இது இல்ல டீச்சர், அப்புறமாத்தான் வந்துச்சி” என்றார். ஒரு பல் ஆடுவதாகவும், காலையில் எழுந்தால் தலையணையில் சிவப்புப் புள்ளி இருப்பதாகவும் சொன்னார். மருத்துவரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். வலிக்கவில்லையே, ஒரு பல்லில்கூடப் பூச்சி இல்லையே என்று திருப்பிக் கேட்டார். உண்மைதான். அவர் பற்களில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் நான் எதிர்பாராத ஓர் இடத்தில், நம் மக்களைச் சந்தித்தேன்.

மேலே சொன்ன அதே ஹரால்டு லோ 1970-ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்திற்குச் சென்றார். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ் ஆண்கள் 480 பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய பற்களையும் ஈறுகளையும் அளந்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருடைய குழு திரும்பச் சென்று அளந்தது. 1985-இல் இறுதியாக அளந்தபோது அவர்களில் 161 பேர் எஞ்சியிருந்தார்கள். 14 வயது முதல் 46 வயது வரை மனித ஈறு எவ்வாறு மாறுகிறது என்பதற்கு உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் அடிப்படை ஆய்வுகளுள் இது ஒன்று. அவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்கள் வழக்கமான முறையில் பல் துலக்குவதில்லை. பல் மருத்துவம் அவர்களை எட்டியதும் இல்லை. எதுவும் செய்யாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதைக் காண அவர்களுடைய வாய் பொருத்தமாக இருந்தது. ஒப்பிடுவதற்கு ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

கிடைத்த விடை இது. அந்தத் தொழிலாளர்களிடம் பூச்சிப்பல் அறவே இல்லை எனும்படியாக இருந்தது. ஆனால், ஏறக்குறைய எல்லாருடைய ஈறும் அழன்றிருந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது நார்வேக்காரர்களின் பல் தன் பிடிப்பில் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் அளவுக்கே இழந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களோ 4.5 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். பிடிப்பு என்பது பல்லின் வேரைச் சுற்றி அதைத் தாடை எலும்போடு இணைத்துவைத்திருக்கும் நார்களும் எலும்பும். மரத்தைச் சுற்றி மண் அரிப்பதுபோல் அது சிறிது சிறிதாகக் கீழிறங்கும். மரம் நல்ல மரமாகவே இருக்கும். காற்று அடிக்கும் நாளில் சாய்ந்துவிடும். பூச்சி அரிக்காத பல் விழுவது இப்படித்தான்.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரேவிதமாக வாழ்ந்தும், எல்லாரும் ஒரே அளவில் இழக்கவில்லை. 100-க்கு 8 பேர் மிக விரைவாக இழந்தார்கள்; 45 வயதில் சராசரியாக 13 மில்லிமீட்டர். 81 பேர் நடுத்தர வேகத்தில் இழந்தார்கள். 11 பேருக்கு ஈறு அழன்றிருந்ததே தவிர அதற்குமேல் நோய் போகவே இல்லை. “எங்கள் தாத்தா வாழ்நாளில் பல் துலக்கியைக் கண்டதில்லை, எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்” என்று சொல்பவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அந்தத் தாத்தா பொய்யில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர். பேரப்பிள்ளை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது, பல் ஆடத் தொடங்கும்வரை வெளியே தெரிவதில்லை.

அந்த ஆய்வைப் படித்து முடித்தபோது பெருமையும் வந்தது, நெருடலும் வந்தது. உலகத்துப் பாடநூல்களுக்கு அறிவைக் கொடுத்தது நம் போன்ற தோட்டத்து மக்களின் வாய் என்பது பெருமை. பல் மருத்துவர் ஒருவரைக்கூட அணுக வழியில்லாத அவர்களுடைய வாழ்வே அந்த ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது நெருடல். 2010-ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அங்கே திரும்பச் சென்று, பழைய 480 பேரில் 75 பேரைத் தேடிக் கண்டு மீண்டும் அளந்தார்கள். அப்போது அவர்கள் முதியவர்கள். கொழுந்து கூடையும் பால் வாளியும் வேறானாலும், அதே வெள்ளைக்காரன் காலத்தில் அதே தமிழகத்து ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாமும். என் பாட்டி ஐம்பது வயதில் ஒரு பல்லும் இல்லாமல் ஈற்றாலேயே முறுக்கை நனைத்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். வயதானால் பல் விழும் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஐம்பது ஒரு வயதா?

நாம் இன்று தோட்டத்தில் இல்லை. நம் நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் குழாய் நீரிலேயே ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது, பற்பசையிலும் இருக்கிறது. அது பல்லைப் பூச்சியிடமிருந்து காக்கும். ஈற்றைக் காக்க நீரில் கலக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. 2010-இல் நாடு தழுவிய நிலையில் பெரியவர்களின் வாயைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏதோ ஒரு நிலையில் ஈறு நோய் காணப்பட்டது. ஆகவே, அந்தத் தாயாரின் நிலை அரிதானதன்று.

அவரை அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கிற்குப் போகச் செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. போகாததற்கு அவர் சொன்ன காரணம் எனக்கும் பழக்கமானதே: “காரை எடுத்தா பல்லு ஆடிரும்.” ஊரெங்கும் நிலவும் இந்த நம்பிக்கை ஏன் வந்தது என்பதை விளக்கினால்தான் அது போகும். நோய் முற்றியவரின் பற்களை உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது காரைதான். எலும்பு ஏற்கெனவே போயிருக்கும். காரையை எடுத்தவுடன் உள்ள நிலைமை வெளிப்படுகிறது. உப்பியிருந்த ஈறு வீக்கம் வடிந்து கீழிறங்குவதால் பல் நீண்டுவிட்டதுபோல் தோன்றும். மூடிக்கிடந்த வேர் வெளியே தெரிவதால் குளிர்நீர் பட்டால் சில வாரங்களுக்குக் கூசும். கெடுத்தது காரை, பழி கருவிக்கு.

கிளினிக்கில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறங்கினால் நலம். 4-க்கு மேல் போனால் அங்கே பை உண்டாகியிருக்கிறது. துலக்கி எட்டாத அந்தப் பைக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். பிறகு, அதிரும் முனை உள்ள கருவியால் காரையை உடைத்து எடுப்பார்கள். பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றுக்கு அடியில் வேரின் பரப்பையும் துப்புரவு செய்வார்கள். ஒரே நாளில் முடியாது. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வார்கள். சில மாதம் கழித்து மீண்டும் அளப்பார்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் சிறிய அறுவை. இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. இருப்பதை நிறுத்திவைப்பதே சிகிச்சையின் நோக்கம். கிருமிக்கொல்லி மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கினால் பயனில்லை. காரை அப்படியே இருக்கும்போது கிருமிகள் திரும்பிவிடும்.

கம்பியால் அளந்த மருத்துவர் அந்தத் தாயாரிடம் பல்லைப் பற்றி அல்லாமல் தாகம், இரவில் சிறுநீர், குடும்பத்தில் யாருக்கு இனிப்புநீர் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். குருதிச் சோதனைக்கு அனுப்பினார். அவருக்கு நீரிழிவு இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.

நம் சமுதாயத்துப் பெற்றோர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, கடுமையான ஈறு நோய்க்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் சிறிய அழுக்கும் பெரிய சேதம் செய்கிறது. மறுபக்கமும் உண்மை: ஈற்றில் நாள்பட எரியும் அழற்சி, குருதியில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது. ஈற்றுக்கு முறையாக மருத்துவம் பார்த்தவர்களுக்கு, மூன்று நான்கு மாதத்தில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனையின் அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். சில வேளைகளில் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கும் பயனுக்கு அது அருகில் வருகிறது. ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் கண்ணையும் காலையும் காட்டச் செல்வதுபோல் ஈற்றையும் காட்டச் செல்ல வேண்டும்.

புகைபிடிக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். புகையிலை ஈற்றின் குருதி நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே குருதி வராது. எனக்குத்தான் இரத்தமே வருவதில்லையே என்று அவர்கள் மகிழ்வது வீண். வெற்றிலை பாக்குப் போடும் பாட்டிமார்களின் வாயில் படியும் சிவந்த கறையும் சுண்ணாம்பும் காரைக்கு உரமாகின்றன. ஆனால், அங்கே ஈறு நோயைவிடப் பெரிய அச்சம் வாய்ப்புற்று. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு ஈறு எளிதில் வீங்கும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் பருவ மாற்றத்தால் அவ்வாறே நேரும். துலக்கலைக் கூட்டுவதே இரண்டிற்கும் வழி. மிக அரிதாக, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே முன்பற்களும் முதல் கடைவாய்ப் பற்களும் ஆடத் தொடங்கும் வகை ஒன்றும் உண்டு. பால்பல் ஆடுவது இயல்பு; நிலைப்பல் ஆடுவது ஒருபோதும் இயல்பன்று.

ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதி எனப் புகழும் பழமொழியை வகுப்பில் கற்பிக்கிறோம். ‘வேல்’ என்பதற்கு வேப்பமரம் என்றே மாணவர்களும், ஏன் சில ஆசிரியர்களும், பொருள் எழுதுகிறார்கள். அது வேலமரம். குச்சியை மென்று நாராக்கித் தேய்த்தபோது நார் பல்லிடுக்கில் நுழைந்தது. பட்டையின் துவர்ப்பு ஈற்றை இறுக்கியது. மலாய்க்காரர்கள் பயன்படுத்தும் காயு சூகிக் குச்சியும் இவ்வகையே. குச்சியை முறையாகப் பயன்படுத்தியவர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால், கரித்தூளையும் சாம்பலையும் விரலில் தொட்டுத் தேய்த்தது வேறு. அது பல்லின் மேற்பரப்பைத் தேய்த்து ஈற்றைக் கீழிறக்கியது. விரலோ, விளிம்பின் பள்ளத்தில் நுழையவே முடியாது. இப்போது கறுப்பு நிறப் பற்பசையாகக் கரி மீண்டும் கடைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. உப்புநீர் கொப்பளிப்பது இதமளிக்கும். கிராம்பு வலியை மரக்கச் செய்யும். இரண்டும் காரையைத் தொடாது.

துலக்கும் முறையைப் பற்றி மிகச் சுருக்கமாக. மென்மையான தூவிகள் உள்ள சிறிய துலக்கி. அதைப் பல்லின் மீது நேராக வைக்காமல் ஈற்றை நோக்கிச் சாய்த்து, பாதித் தூவி ஈற்றின் விளிம்பிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, சிறிய அசைவுகளாக. முன்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு. காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். இரவு வேளையை விடவே கூடாது. உறக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பல்லிடுக்கில் துலக்கி புகாது. பெரியவர்கள் அதற்கென உள்ள நூலையோ சின்னஞ்சிறு இடைத்துலக்கியையோ பயன்படுத்த வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கையில் அந்த நுட்பம் இருப்பதில்லை. தானே காலணிக் கயிற்றைக் கட்டத் தெரியாத பிள்ளைக்குத் தானே பல் துலக்கவும் தெரியாது என்று அந்தத் தாதி சொல்வார். அதுவரை பெற்றோர் பின்னால் நின்று துலக்கிவிட வேண்டும்.

வாரத்திற்கு ஒருமுறை பிள்ளையின் கீழுதட்டை விலக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, கீழ் முன்பற்களின் உட்புறத்தைக் கைவிளக்கால் பாருங்கள். நாவின் அடியில் எச்சில் சுரக்கும் வாய் அருகில் இருப்பதால் காரை முதலில் அங்கேதான் படியும். மஞ்சள் நிறத்தில் தேங்காய்ச் செதில்போல் ஒட்டியிருக்கும். அப்படியே கண்ணாடி முன் நின்று உங்கள் வாயையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாருக்கு இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவை நிலைத்தன. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கிளினிக்குகள் அவசரத்திற்கு மட்டுமே திறந்திருந்தன. சில மாதம் அவரால் போக முடியவில்லை, குருதி மீண்டும் தலைகாட்டியது. பிறகு மறுபடியும் போகத் தொடங்கினார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இன்றும் போய்வருகிறார். மாணவி இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள். கடைத்தெருவில் பார்த்தால் வாயை மூடாமல் சிரிக்கிறார்கள், இருவரும்.

பள்ளிக்கு வரும் குழு செய்யும் மருத்துவத்திற்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால், ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் இல்லாவிட்டால் பிள்ளையின் வாயில் அவர்கள் கைவைக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து படிவங்கள் திரும்பி வருவதே இல்லை. பெற்றோர் மறுத்ததால் அன்று. பெரும்பாலும் அந்தத் தாள் புத்தகப் பையின் அடியில், பழைய பயிற்றிகளுக்கும் பாதி தின்ற ரொட்டிக்கும் நடுவே கசங்கிக் கிடக்கும். தேடி எடுத்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.